தொடர்ச்சிப் பிழை

அவன் கோப்பையை எந்தக் கையில் பிடித்திருந்தான் என்று
எழுதிவைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
பதினெட்டுப் படங்கள். பர்பேங்க்கில், வான் நைஸில்,
ஒருமுறை நெவாடாவின் உப்புத் தரையில்.
முதல் டேக்கில் இடது கை.
இரண்டாவதில் வலது.
மூன்றாவதில் கோப்பையே இல்லை,
மேஜை விளக்கைக் கவிழ்த்துக் குடித்துக்கொண்டிருந்தான்.

ஆர்லோ டாரன்ட் என்றால் உங்களுக்குத் தெரியாது.
முகத்தைக் காட்டினால் "அட, இவனா" என்பீர்கள்.
தேனீ வளர்க்கும் கொலைகாரன்.
லிஃப்டுக்குள் மட்டும் வாய் திறக்கும் பாதிரியார்.
கதாநாயகியின் அண்ணன்,
கல்யாணக் காட்சியிலும் நீச்சல் கண்ணாடியோடு.
காரணம் கேட்ட இயக்குநரிடம்
"தண்ணீர் வந்தால்?" என்றான்.

கொள்ளுத்தாத்தா வாத்துகளை வைத்து வித்தை காட்டியவர்,
ஒஹாயோவின் கொட்டகைகளில். கைதட்டல் வாத்துகளுக்கு.
தாத்தா வெண்டல் ஊமைப்பட வில்லன்,
படிக்கட்டில் உருளவென்றே கூப்பிடுவார்களாம்.
படங்கள் பேசத் தொடங்கின. இவருக்குக் கீச்சுக்குரல். அத்தோடு சரி.
அம்மா மேரிபெத், ஒன்பது வருடம், செவ்வாய்தோறும் இரவு எட்டு மணிக்கு
நாட்டுக்கே அம்மா.
அடுப்பிலிருந்து எடுக்கும் கேக் பிளாஸ்டர். சிரிப்பொலி டேப்பில்.
அந்தப் புன்னகையோடே வீட்டுக்கு வருவாள் என்பான்,
கழற்ற மறந்த தோடு மாதிரி.

டாரன்ட் வீட்டுப் பிள்ளை என்று கதவு திறந்தது உண்மை.
அதை விட்டுவிட்டு ஜன்னலேறிக் குதித்தான், அதுவும் உண்மை.
பத்திரிகைகள் கிறுக்கன் என்றன.
தயாரிப்பாளர்கள் ஃபிலிம் செலவைப் பார்த்து
இன்னும் மோசமாகச் சொன்னார்கள்.
நான் பென்சிலைக் கடித்தேன்.
ஒரு காட்சியும் அடுத்த காட்சியோடு ஒட்டாத ஒருவனை
யார் மன்னிப்பது?

பிறகு அந்தச் சின்னப் படம், ஒரு வாரம்கூட ஓடாதது.
மாடிப்படியிலிருந்து விழ வேண்டும். அவனுக்கு அறுபத்தொரு வயது.
டூப் வேண்டாம் என்றான்.
விழுந்தான். எழுந்தான். இன்னொன்று என்றார்கள்.
ஏழு டேக்.
ஏழிலும் நாலாம் படியில் இடது தோள்,
ஒன்பதாம் படியில் ஷூ கழன்று பறக்கும்,
தரையில் உள்ளங்கை மேல்நோக்கி,
சில்லறை வாங்குவது போல.
என் தாளில் ஒரே வரி, ஏழு முறை.

தாத்தாவைப் பார்த்ததில்லை அவன்.
படச்சுருள்கள் கிடங்குத் தீயில் போயின.
யாரிடம் கற்றாய் என்றேன்.
முழங்காலில் ஐஸ் பையை அழுத்தியபடி சொன்னான்:
"அம்மாவிடம். எங்கள் வீட்டு மாடிப்படியில்.
வேலையாட்கள் வராத ஞாயிறுகளில், ஏப்ரனோடு விழுவாள்.
மறுபடி ஏறுவாள், மறுபடி விழுவாள்.
அப்போது மட்டும் முகத்தில் சிரிப்பு இருக்காது."

நான் ஓய்வுபெற்று ஆறு வருடம்.
என் பிறந்தநாளுக்கு அவனிடமிருந்து ஒரு உறை வரும்,
மறுஒளிபரப்புப் பங்கு, முப்பத்தேழு சென்ட் காசோலை,
தபால்தலை அதைவிட விலை.
இந்த வருடம் பின்பக்கம் கிறுக்கியிருந்தான்:
"அந்த ஏழாவது டேக்கில்
கோப்பை எந்தக் கையில் இருந்தது?"

பழைய தாளைத் தேடியெடுத்துப் பார்த்தேன்.
அந்தக் காட்சியில் கோப்பையே கிடையாது.

இடது என்று எழுதித் தபாலில் போட்டேன்.