எளிது

படிவத்தில் நான்கே கட்டங்கள்:
எளிது, நடுத்தரம், கடினம், மிகக் கடினம்.
பதினேழு கிலோமீட்டர். ஏற்றம் அறுபத்திரண்டு மீட்டர்.
ஒரே ஒரு டிக் போதும் நகராட்சிக்கு.

வழியை எழுதுகிறவள் நான்.
கூடவே ஓட்டிப் பார்க்கப் பழக்கம் விட்டுப்போன ஒருவர் வேண்டும்,
விதி அப்படி.
சனிக்கிழமை காலையில் யாரும் அகப்படவில்லை
எவாரிஸ்தோவைத் தவிர.
நாங்கள் பிரிந்து ஆறு வருடம்.
அவன் சைக்கிளைப் பிரிந்து இருபத்தொன்பது.

சிகுவென்சாவின் பேராலயக் கோபுரத்தில்
வெயில் பாதிதான் இறங்கியிருந்தது,
கல்லின் சிவப்பு மேலே ஒன்று, கீழே ஒன்று.
கல் பாவிய தெருவில் வண்டிகளை உருட்டிக்கொண்டு இறங்கினோம்.
'முதல் நானூறு மீட்டர் தள்ளிச் செல்லவும்.
இல்லாவிட்டால் பல் ஆடும்.'
இரண்டாவது வரியை அடித்துவிட்டேன்.

ரயில் நிலையம் தாண்டினால் எனாரெஸ்.
இங்கே அது ஆறு என்று
தானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு;
ஒரு செம்மறி வயிறு நனையாமல் கடந்துவிடும்.
ஓட்டப் பழகினால் மறக்காது என்பார்கள்.
சைக்கிள் எதையும் மறக்கவில்லை.
அவன்தான் கைப்பிடியை
முரண்டு பிடிக்கும் கிடாயின் கொம்பைப்போல்
இறுக்கிக்கொண்டு போனான்.

நெட்டிலிங்கம்போல் உயர்ந்த பாப்லர்கள்,
அவற்றின் பஞ்சு மண்பாதை முழுக்க.
வலப்பக்கம் பார்லி, நடுநடுவே
யாரும் விதைக்காத கசகசாப் பூக்கள்.
பன்றிப்பண்ணை நாய்க்கு 'மந்திரி' என்று பெயர்.
குரைக்கும், வேலி தாண்டாது.
வேலி உள்ளவரை, என்றான் அவன்.
அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆறாவது கிலோமீட்டரில் ஒரு படல்.
'அவிழ்த்தவரே கட்டிவிட்டுச் செல்லவும்.'
நான் இரண்டு வண்டிகளையும் பிடித்துக்கொண்டேன்.
கம்பியை அவன் இரண்டு முறை முறுக்கி
நுனியை உள்ளே மடித்துவிட்டான்.
எங்கள் வீட்டு உறைபெட்டியில்
பட்டாணிப் பைகள் எல்லாம்
அப்படித்தான் கட்டியிருக்கும்.
அவிழ்க்க எனக்குக் கத்தரி வேண்டும்.

வால்தெயோல்மேதாவில் மதுக்கடை பதினொன்றுக்குத்தான்.
பத்து நிமிடம் சுவரோரம் நின்றோம்.
ஃபுவென்சிஸ்லா எங்கள் திருமணத்தில் ஆடியவள்,
எதையும் கேட்கமாட்டாள்.
ஒரே தட்டில் முட்டை உருளை அடையும்
இரண்டு முள்கரண்டியும் வைத்துவிட்டுப் போனாள்.
வெங்காயத்தை அவன் தன் பக்கம் ஒதுக்கினான்.
சாப்பிட்டோம்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஆபரேஷன், என்றான்,
உப்பு எங்கே என்று கேட்கிற குரலில்.
இதய வால்வு. எளிதானதுதானாம்.
அப்படி எழுதிக்கொடுத்தவர்
அந்த வழியில் எத்தனை முறை போய்வந்தார்
என்று நான் கேட்கவில்லை.
உன்னை யார் சைக்கிள் ஓட்ட விட்டார்கள், என்றுதான் கேட்டேன்.
மெதுவாகப் போனால் சரி என்றார்களாம்.
இதை முன்பே சொல்லியிருக்கலாமே?
சொல்லியிருந்தால் நீ கூட்டி வந்திருக்கமாட்டாய்.

திரும்பும்போதுதான் ஏற்றம் எல்லாம்.
போதாததற்குக் காற்று எதிரே வந்துவிட்டது.
படிவத்தில் காற்றுக்குக் கட்டம் கிடையாது.
என் பின்சக்கரத்தை ஒட்டி வா, என்றேன்,
முகத்தில் அடிக்காது.
மறுபேச்சில்லாமல் ஒட்டிக்கொண்டான்.
குதிரைலாடத்தில் கூழாங்கல் மாட்டியதுபோல்
அவன் செயின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை தட்டியது,
அதற்கிடையில் மூச்சு.
நான் கியரைக் குறைத்தேன்.
இன்னும் குறைத்தேன்.
காயெத்தானாவின் டிராக்டர் எங்களைக் கடந்தது,
பிறகு ஒரு வண்ணத்துப்பூச்சியும்.

நிலையத்துக் குழாயடியில் நின்றோம்.
மாத்ரித் ரயில் வந்து
இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது.
அவன் தலைக்கவசத்தின் வார் மாட்டிக்கொண்டது.
தாடையை உயர்த்தி, கண்ணை மூடி நின்றான்.
இடது பக்கம் ஒரு சோழி அளவு
சவரக்கத்தி தவறவிட்ட நரை.
கொக்கி டக்கென்று விட்டது.
கையை உடனே எடுக்கவில்லை நான்.

படிவம் பையில் மடங்கிக் கிடக்கிறது,
பேனா அதன்மேல்.
செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு, என்றேன்.