நேரம் என்னும் நிரல்

ஐந்து நிமிடத்துக்கு ஒருக்கா
அது தானாகவே எழும்பிப் போய்
உலகம் எங்கெங்கே நடுங்கியது என்று
கேட்டுக்கொண்டு வரவேண்டும்.
சந்திரமதன் சேர் கேட்டது அவ்வளவுதான்.

அதுவரைக்கும் நுஸ்ரத் வருவாள்,
காத்தான்குடி பஸ்ஸின் வேர்வை உலருமுன்னம்
ஒவ்வொரு நடுக்கமாய் வெட்டி ஒட்டுவாள்.
லீவு நாட்களில்
எங்கள் வரைபடத்தில் பூமி
அசையாமல் கிடந்தது.

நாற்பத்திரண்டு வரி எழுதினேன்.
முதல் ஓட்டத்தில் சுமாத்ராவைக் காணவில்லை.
தரவு வருகிற இடத்தில் நெட்டாங்கு முதல், அகலாங்கு பிறகு;
நான் வாங்கியது மாறி.
தொண்ணூற்றாறு பாகை வடக்கே,
துருவத்தையும் தாண்டி,
உலகத்துக்கு வெளியே விழுந்திருந்தது சுமாத்ரா.
எங்கள் அலுவலகத்துக்கென்று குத்திய சிவப்புப் புள்ளி
உறைந்த கடலில், ஐஸின் மேல்.
"என்ன புள்ள, மட்டக்களப்புல குளிரா?" என்றாள் நுஸ்ரத்.
மின்விசிறி வேலை செய்யாத மூன்றாம் நாள் அது.
இரண்டு எண்களை இடம் மாற்றினேன்.
ஊர் வாவிக்கரைக்குத் திரும்பி வந்தது.

"பழைய நடுக்கம் ஒன்றை வைத்துச் சோதித்துப் பாரும்,
பெரிசாய் ஒன்று."
எதை என்று சேர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
திகதியை அடித்தேன்.

ஒரே ஒரு வரியாய் வந்தது.
மற்ற வரிகளின் அதே எழுத்து, அதே உயரம்.
ஆழம் முப்பது. அளவு ஒன்பது தசம் ஒன்று.
குசினியில் யார் நின்றார்கள் என்பதற்கு
நிரல் இல்லை.
நேரத்துக்கு இருந்தது:
காலை 6.28.

பிழை.

கிரீன்விச்சோடு ஐந்தரை கூட்டு என்று எழுதியிருந்தேன்.
இன்றைக்குச் சரி.
அன்றைக்கு இந்த நாட்டு மணிக்கூடுகள்
ஆறு கூட்டி ஓடின.
நாவலடியில் எங்கள் சுவரில் 6.58.
நான் போர்வைக்குள்.

ஆனால் பிழையென்றும் சொல்ல ஏலாது.
வாவிக்கு அங்கால, படுவான்கரையில்,
அப்போது 6.28தான்.
புது நேரத்தை அங்கே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை.
மண்முனையில் படகுப்பாதை ஏறி
அந்தக் கரையில் கால் வைத்தால்
அரை மணி இளமை.
"பழசா, புதுசா?" என்று கேட்டுத்தான்
கலியாண வீட்டுக்கும் போவோம்.

விமலகாந்தன் மாமா கேட்க மறந்தார்.
கொக்கட்டிச்சோலையில் பத்து மணிக்கு
மாடு பார்க்க வரச்சொல்லியிருந்தார்கள்.
பழைய பத்தைப் புதிய பத்தென்று நினைத்து,
ஒன்பதுக்குப் புறப்பட வேண்டியவர்
எட்டரைக்கே மோட்டார் சைக்கிளை உதைத்தார்.
ஒன்பதுக்கு முன்னம்
கடல் எங்கள் வீட்டுக்குள்.
அவர் அந்தக் கரையில்
மாட்டுக்காரனை ஏசிக்கொண்டு,
வெயிலில், அரை மணி நேரம்.
இப்போதும் யாராவது நேரம் சொன்னால்
"பழசா, புதுசா?" என்பார்.
ஒருத்தரும் சிரிப்பதில்லை.

இரண்டு வரி கூட்டினேன்.
இரண்டாயிரத்தாறு சித்திரைக்கு முந்தியதென்றால் ஆறு,
பிந்தியதென்றால் ஐந்தரை.
6.28 மறைந்து 6.58 வந்தது.

நுஸ்ரத் தோளுக்கு மேலால் பார்த்தாள்.
"அப்ப வாவிக்கு அங்கால?"
பட்டியலைத் திறந்து காட்டினேன்.
இலங்கைக்கு எதிரே ஒரு நேரம்தான் இருந்தது.

இயந்திரம் வாசிக்காத குறிப்பு வரி என்று ஒன்று உண்டு.
முன்னால் ஒரு அடையாளம் வைத்தால்
தாண்டிப் போய்விடும்.
அதில் எழுதினேன்:
படுவான்கரை என்றால் அரை மணி கழிக்கவும்.

நாலு முப்பத்தைந்துக்கு அது தானாய் எழும்பியது.
பாண்டா கடலில் நாலு தசம் ஆறு, ஆழம் நூற்றுப் பத்து.
சின்ன மஞ்சள் வட்டம்.
நுஸ்ரத் பையை எடுத்துக்கொண்டு
பஸ்ஸுக்கு இறங்கிவிட்டாள்.
குறிப்பு வரியைத் தாண்டித்தான்
அது போயிருக்கும்.