ஈயத்துக்குப் பூச்சு

மேசையில் இரண்டு டப்பா.
ஒன்றில் செம்பு முலாம்,
செல்லாமல் போன ஒரு சென் காசின் மினுக்கம்.
மற்றதில் சிவப்புப் பூச்சு,
பிரிக்பீல்ட்ஸ் கடைக் கண்ணாடிக்குள் நகச்சாயம் மாதிரி.

பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்கள், தெரியும்.
ஈயத்துக்கே பூசுவதை
இந்த கிளப்புக்கு வந்துதான் பார்த்தேன்.

சிவப்பில் ஆயிரத்துக்கு
எழுபது ரிங்கிட் மிச்சம்.
"ஆனா புகையும், மேடம்," என்கிறான் இர்வான்,
"பிளாஸ்டிக் கருகுற வாடை."
முலாமோ, வாயை இறுக்கிப் பிடித்தால்
தோலுரிந்துவிடுமாம்.

நகத்தால் இரண்டையும் சுரண்டிப் பார்க்கிறேன்.
பதிவேட்டில் நிறத்துக்குக் கட்டம் இல்லை,
எண்ணிக்கைக்கு மட்டும்தான்.

போன மாத மருத்துவமனைத் தாளில்
'ரத்தத்தில் ஈயம்' என்று ஒரு வரி.
பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரம்.
ஜெயசீலனிடம் இன்னும் காட்டவில்லை.

நாலு மணி. கோலாலம்பூர்
வழக்கம்போலக் கொட்டத் தொடங்கிவிட்டது.
இருபத்தைந்து மீட்டருக்கு அப்பால் தொங்கும் காகிதத்தில்
எதைச் சுட்டாலும்
ஒரே அளவு ஓட்டைதான்.

சிவப்பை எடுத்தேன்.
கை கழுவினேன்.
கதவுவரை போய்த் திரும்பி வந்து
மறுபடியும் கழுவினேன்,
நகக்கண் வரை.