வடக்குப் பார்த்து

'தெற்கு நோக்கி வைக்கவும்' என்றது கையேடு.
எழுதியவனுக்குப் பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம் வீடு.
கரூவின் ஜூன் சூரியன் வடக்கே தாழ்ந்து நடக்கிறது;
காலை முழுக்க
பலகையின் முதுகுதான் வெயில் காய்ந்தது.

பேட்டரி பதினொன்று புள்ளி எட்டு.
கேரவன் ஃபிரிட்ஜில் புஷ்பவதியின் இன்சுலின்,
டர்பனில் வாங்கிய மீன்.
"இருபத்தாறு வருஷம் கரன்ட் ஆபீஸ்ல
என்னதான் பண்ணினீங்க?"

துண்டித்தேன்.
சாட்ஸ்வொர்த், பில் கட்டாத வீடுகள்,
ஏணி, இடுக்கி.
நூற்று நாற்பத்தொன்றில்
பாதி வெந்த சோறு
அடுப்பிலேயே நின்றது.

பலகையை வடக்கே திருப்பி
இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்தேன்.
ஏறவில்லை.
மிளகு மரத்தின் ஒரு கிளை,
மூலையில் கைக்குட்டை அளவு நிழல்.
அவ்வளவு போதும் போலிருக்கிறது
எல்லாம் நின்றுபோக.

மூன்றடி தள்ளி வைத்தேன்.
நாலு ஆம்பியர். ஆறு. ஏழு.
ஃபிரிட்ஜ் முனகத் தொடங்கியது.
"இதுக்கு பில் வராதில்ல?" என்று சிரித்தாள்.

பழக்கம்.
கையேட்டின் ஓரத்தில்
தேதி, மணி, அளவு குறித்தேன்.
வீட்டு எண்ணுக்கு
பேனா யோசிக்காமல் எழுதியது:
141.