வார்ப்புருவை யாரும் கூப்பிடாத பக்கம்

ஓர் ஆட்டுக்குத்தான் எழுதினேன்.
பட்டை எண், நிறம், பிறந்த வசந்தம்,
இடக்காதில் என்ன வெட்டு, வலக்காதில் என்ன வெட்டு,
அடியில் மெல்லிய சாம்பல் கோடு.
இருபத்தொரு வரி, அவ்வளவே.

அதன் முன் ஒரு பட்டியலை அவிழ்த்துவிட்டால்
ஒவ்வொன்றாய் வாங்கித் தன் வழியே விடும்,
செப்டம்பரில் மலையிறங்கும் மந்தையைப்
பட்டியின் குறுகிய மரக்கதவு விடுகிற மாதிரி.
நானூறு நுழைந்தால் நானூறு அட்டை.

கிடாவுக்குத் தனி உரு. கொம்புக்கு இடம் வேண்டுமே.
தாயின் அட்டைக்குள் குட்டிகளையும் காட்டச் சொன்னார்கள்;
வார்ப்புரு தன்னையே கூப்பிட்டுக்கொண்டது,
சின்ன எழுத்தில், இரண்டு விரல் உள்ளே தள்ளி.
அன்று மாலை ப்ளொண்டுவோஸ் கடற்கரைச் சாலையில்
தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன்.

எண்ணிக்கை சுழியில் தொடங்கியதைப்
பிடித்தவள் ஸ்டெய்ன்வோர்.
"ஐஸ்லாந்தில் யாரும் சுழியாவது ஆடு வளர்ப்பதில்லை."
ஒன்றைக் கூட்டினேன்.

பிப்ரவரியில் ஓர் அழைப்பு.
க்ராவுபக்கி பண்ணையிலிருந்து ஹால்ஃப்ரீதூர்.
உங்கள் பக்கம் உடைந்திருக்கிறது, என்றார்.
மேலே பண்ணையின் பெயர், கீழே வெள்ளை.
சன்னலுக்கு வெளியிலும் வெள்ளைதான்,
அதனால் கணினியைச் சந்தேகிக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

பதிவேடுகளைத் துழாவினேன். பிழை ஒன்றுமில்லை.
கேள்வி ஒழுங்காகப் போயிருந்தது,
பதில் ஒழுங்காக வந்திருந்தது:
திறந்த அடைப்பு, மூடிய அடைப்பு,
நடுவில் ஒரு மூச்சும் இல்லை.
காலிப் பட்டியல் வந்தால்
வார்ப்புருவை யாரும் கூப்பிடுவதில்லை.
அது விதி.

நவம்பரில் ஒரே ஒரு தலையில் நோய் தெரிந்ததாம்.
முந்நூற்றுப் பதினாறையும் இரண்டு நாளில்.
கொட்டகைப் பலகைகளைக்கூட எரித்தார்கள்.
பிறகு ஓர் அலுவலர், நல்ல மனிதராயிருக்க வேண்டும்,
வரிசை வரிசையாக,
ஒன்று விடாமல் நீக்கியிருக்கிறார்.

உடையவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
பார்க்கிறேன், என்றேன்.

'ஆடுகள் இல்லை' என்று அடித்தேன்.
அவருக்குத் தெரியாததா? அழித்தேன்.
'இன்னும் எதுவும் பதியப்படவில்லை.'
பொய். அந்த 'இன்னும்' வேறு.
'முதல் ஆட்டைச் சேருங்கள்!' என்றொரு பச்சைப் பொத்தான்,
போன வருடம் வேறெதற்கோ நானே உற்சாகமாய் வரைந்தது.
அதைத் திரையில் பார்த்தவுடன்
எழுந்து போய் காப்பி ஊற்றிக்கொண்டேன்.

என் நாற்காலிக்குப் பின்னால் நின்று
ஸ்டெய்ன்வோர் கேட்டாள்: "காதுக்குறி எங்கே?"
ஆட்டின் அட்டையில்.
"ஏன் அங்கே? குறி பண்ணையினுடையது.
ஆடு அதைச் சுமக்கிறது, அவ்வளவுதான்."

ஆக, உடைந்துதான் இருந்தது.
முதல் நாளிலிருந்தே. ஆடுகள் நிறைந்திருந்ததால்
யார் கண்ணிலும் படாமல்.

இருபத்தொன்றில் இரண்டு வரியை வெட்டினேன்,
சுழலுக்கு வெளியே, பண்ணைப் பெயரின் பக்கத்தில் ஒட்டினேன்.
பக்கத்தைத் திரும்ப ஏற்றினேன்.
வெள்ளையின் மேல் இரண்டு காதுகள்,
கோட்டுச் சித்திரமாய், தலையில்லாமல்:
வலது பிளந்தது, இடது பின்பக்கம் கொத்தியது.
அதற்குக் கீழே எதுவும் எழுதவில்லை.

மறுநாள் காலை ஹால்ஃப்ரீதூரிடமிருந்து ஒரு வரி.
நன்றி இல்லை, வணக்கம் இல்லை.

"இடக்காது வெட்டு இவ்வளவு மேலோட்டமாய் இராது.
திருத்துங்கள்."