மூக்கால் அழுத்தும் எண்

டீசல் ரசீதின் பின்பக்கத்தில்
திட்டம் போட்டேன்.
பெயர் வாங்க ஒரு மாலை.
இடம் வாடகைக்குப் பிடிக்க இன்னொன்று.
எழுத நான்கு. படங்களுக்கு மூன்று.
சரிபார்க்க, சலித்துக்கொள்ள, மறுபடி சரிபார்க்க
ஒரு வாரம் என்று வைத்துக்கொண்டாலும்
பதினாறே நாள்.
டிசம்பர் தொடக்கத்தில் இவாலோவை விட்டுப் போன சூரியன்
திரும்பி எட்டிப் பார்க்கும் முன்
என் இணையதளம் எழுந்து நிற்கும்.

மாலை என்றால் எது என்று
எழுதும்போது யோசிக்கவில்லை.
காலை எட்டும் மாலை நான்கும்
ஒரே கறுப்பில் நிற்கும் மாதம் இது.

கருவிகள்:
மகன் விட்டுப்போன மடிக்கணினி.
குளிரில் அதன் இடைவெளி விசை ஒட்டிக்கொள்ளும்,
சொற்களெல்லாம் கைகோத்துக்கொண்டு வரும்.
புதன்கிழமைகளில் நூலகத்தின் இணைப்பு.
நிறைய காபி.
எனக்குக் கைவந்த கருவிகள் வேறு:
வின்ச், எஃகுக் கயிறு, இரண்டு கொக்கி, மணல் மூட்டை.
பள்ளத்தில் இறங்கிய கார்களை
சாலைக்கு இழுத்துப் போடுகிறவள் நான்,
ஹெல்கா மேத்தே.

பெயரிலேயே சிக்கல்.
எங்கள் எழுத்திலும் புள்ளி உண்டு,
புள்ளி போனால் ஒலி போகும், பொருளும் போகும்.
முகவரியில் புள்ளி வேண்டாம் என்றார்கள்,
வெளியூர்க்காரர் தட்டச்சுக்கு எட்டாதாம்.
ஆறு புள்ளிகளையும் உதிர்த்துப் பார்த்தேன்:
மாத்தா.
எங்கள் மொழியில் அதற்கு
'நிலமில்லாமல்' என்று அர்த்தம்.
அன்றைய மாலை அதோடு போயிற்று.

மறுநாள் இனாரி சாலையில் ஒரு டொயோட்டா.
அதற்கடுத்த நாள் கலைமானுக்கு வழிவிட்ட வேன்.
ரசீதில் கழித்துக்கொண்டே வந்தேன்.
எழுத வைத்திருந்த நான்கில் மிஞ்சியது ஒன்று,
அதிலும் எழுதியது
'வணக்கம்'.

படங்கள் இருந்தன. இருநூற்றுப் பன்னிரண்டு,
காப்பீட்டுக்காக எடுத்தவை.
ஒவ்வொன்றாய்த் தள்ளிப் பார்த்தேன்.
கல்யாணக் கோட்டோடு பனியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன்.
பின்னிருக்கையில் சூப்பு கொட்டிய பெண்,
அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை.
அடுத்தவரின் மோசமான இரவை
என் முகப்பில் மாட்டி வைக்க
மனம் வரவில்லை.

அதனால் என் பழைய சுபாருவை
ஏரிச் சாலைக்கு ஓட்டிப்போய்
நானே பள்ளத்தில் இறக்கினேன்.
ஒரு சக்கரம் மட்டும், படத்துக்கு.
பனி அப்படி நினைக்கவில்லை.
வயிறுவரை உட்காரவைத்துக்கொண்டது.
இழுவை வண்டி
பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிக் கொட்டகையில்.
குளிர் மைனஸ் முப்பத்தொன்று.

கையுறையைத் தொலைபேசி மதிக்கவில்லை.
கையுறை கழற்றிய விரலையும்
கொஞ்ச நேரத்தில் மதிக்கவில்லை.
மூக்கால் அழுத்தித் தேடினேன்.
ரொவனியேமியில் ஒரு நிறுவனம்,
முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால்.
அவர்கள் பக்கத்தில் ஒரு புகைப்படம்
மேலிருந்து கீழே
ரொட்டித் துண்டு துண்டாக இறங்கியது.
சிரிக்கும் ஆள். பளபளக்கும் லாரி.
நிறுவன வரலாறு.
பேட்டரி ஒன்பது. ஏழு. ஐந்து.
எண் அடியில் இருந்தது,
எறும்பளவு எழுத்தில்.

வெய்யோவைத்தான் அழைத்தேன்.
பதினோரு வருடமாய் அவர் பிழைப்பில் பாதியைப்
பறித்து வந்தவள் நான்,
அவர் எண் மனப்பாடம்.
வந்தார். கொக்கி மாட்டினார்.
மூன்றாவது கிலோமீட்டரில்தான் சிரித்தார்.
"படம் எடுத்தாயா?"
"தொலைபேசி செத்துப்போச்சு."
ஐந்தாவது கிலோமீட்டர்வரை சிரித்தார்.

அவர் வண்டி விளக்கில் ரசீதை விரித்தேன்.
படங்கள்: அடித்தேன்.
வரலாறு: அடித்தேன்.
வணக்கத்தையும்.
எண் மட்டும், உச்சியில்,
ஒரு மூக்கின் அகலத்துக்கு.
ஐந்து சதவீதத்தில் திறக்கவேண்டும்.
அதன் கீழே,
'ஹெல்காவே பள்ளத்தில் கிடந்தால்'
என்று எழுதி வெய்யோவின் எண்.
அவர் எட்டிப் பார்த்துவிட்டு
கடைசி இலக்கத்தைத் திருத்தினார்.
இத்தனை நாளாய்த் தப்பாய் வைத்திருந்தேனா,
இல்லை, குளிரில் கை நழுவியதா?

தேவையான நேரம்: ஒரு மாலை.
புதன்கிழமை நூலகம் ஏழு மணிவரை.