செங்கத்தில் ஓர் ஓகாரம்

பதினேழு மூணு ஐம்பத்தொண்ணு.
வேகம் கரைய ஐந்து.
முதுகைத் தள்ளும் காற்றுக்கு நாலு.
அறுபது மைலில் இறங்கத் தொடங்கணும்,
செங்கம் வரும்போதே.
காகித ஓரத்தில் கூட்டிப் போட்டு
அறுபதைச் சுற்றி
ஒரு வட்டமும் வரைந்திருந்தாள் நஸ்ரின்.

பார்த்தேன்.
பார்த்துவிட்டுக் காபியை எடுத்தேன்.

எனக்குக் கணக்கு எதற்கு, மலை இருக்கிறது.
அண்ணாமலை இடது இறக்கைக்கு அடியில் நழுவும்போது
மூக்கைத் தாழ்த்தினால்
ஊசுடு ஏரிக்கு மேல் ஆயிரத்து ஐந்நூறு அடி,
லாஸ்பேட்டை ஓடுதளம் நேர் எதிரே.
மார்கழியில் இந்த ரூட்டுக்கு வந்தபோது கண்டுபிடித்தது.
தையில் பலித்தது, மாசியில் பலித்தது.
அப்போதெல்லாம் காற்று எதிரே வந்து
தோளைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருந்தது
என்பதை நான் கணக்கில் எழுதவில்லை.

இது ஆடி.
அம்மியே பறக்கிற மாதம்.
இருபத்திரண்டு டன் மட்டும்
எனக்காக நின்று யோசிக்குமா?

செங்கம் கடந்தபோது
முத்தியால்பேட்டை பிளாட்டுக்கு
இன்னும் லிஃப்ட் போடாத பில்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.
நாலு மாடி ஏறுவது சுலபம், நஸ்ரின்,
இறங்கும்போதுதான் முழங்கால் பேசுகிறது.
சிரித்தாள். வட்டத்தைப் பார்த்தாள்.
பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள்.

செஞ்சிக் கோட்டை. ஏழாயிரம் இருக்க வேண்டிய இடத்தில்
பத்தாயிரத்து ஐந்நூறு.

"சார், கொஞ்சம் ஹையா இருக்கோமோ?"

ஓகாரத்தில் முடித்தாள்.
என் தோளின் நாலு பட்டைக்கு
பரங்கிப்பேட்டைப் பெண் தந்த மரியாதை அது.
அந்த ஓவுக்குள் தாராளமாக இடமிருந்தது.
உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.
"பிடிச்சிடலாம்."

பிடிக்க முடியவில்லை.
ஏறும்போது உயரம் சேமிப்பு;
இறங்கும்போது அது கடன்.
மூக்கைக் குத்தினால் வேகம் ஏறுகிறது,
வேகத்தைக் குறைத்தால் உயரம் அப்படியே நிற்கிறது,
ஒரு வட்டிக்கடையில் வாங்கி
இன்னொன்றில் அடைப்பதுபோல.
சக்கரத்தை முன்கூட்டியே இறக்கினேன்.
விமானம் முழுவதும் உறுமியது.
பின்னால் யாரோ ஒரு குழந்தை
காதைப் பொத்திக்கொண்டு அழுதது,
கதவுக்கு இந்தப் பக்கமே கேட்டது.

"சார், ஹை."

ஓகாரம் போயிருந்தது.

ஊசுடு வந்துவிட்டது. மூவாயிரம் அடி.
கரையோரம் சேறு வெடித்துக் கிடந்தது, நடுவில் மட்டும் தண்ணீர்,
அதில் எங்கள் நிழலைத் தேடினேன், ஏன் என்று தெரியாது.
ஓடுதளம் கண்ணாடியின் அடிவிளிம்புக்குள்
நழுவிப் போய்க்கொண்டிருந்தது.
மொத்தமே ஆயிரத்து ஐந்நூறு மீட்டர்.
அதற்கப்பால் வீடுகள், மொட்டைமாடிகள், காயும் துணி.
ஒரு கணம், ஒரே ஒரு கணம்,
முடியும் என்று நினைத்தேன்.

"கோ அரவுண்ட்."

இப்போது சாரும் இல்லை.
என் கை என்னைக் கேட்காமல் லீவரைத் தள்ளியது.

சக்கரம் மடங்கியது. தெருக்கள் சிறுத்தன.
பழைய கலங்கரை விளக்கம், பிறகு
சட்டென்று கடல். வேறெதுவுமில்லை.
டவர் காரணம் கேட்கவில்லை,
எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் என்று மட்டும் கேட்டது.
நஸ்ரின் பதில் சொன்னாள்.
என் தொண்டை காபியைத் திருப்பித் தரப் பார்த்தது.

"நீ ஓட்டு" என்றேன்.

இரண்டாம் முறை
ஏரியின் மேல் ஆயிரத்து நானூற்று எண்பது.
தேங்காய் உடைத்ததுபோல் சுத்தமாக இறக்கினாள்.
ஒன்பது நிமிடம் தாமதம்.
படியில் இறங்கிய வேட்டிக்காரர்
"கடலைக் காட்டினீங்க, எக்ஸ்ட்ரா சார்ஜ் உண்டா?" என்றார்.
நான் சிரித்திருக்க வேண்டும்.

அறிக்கையில் காரணம் என்ற கட்டத்துக்கு
ஒரு விரல் அளவே இடம்.
பின்காற்று என்று எழுதினேன்.
காற்று என்ன செய்தது, பாவம்.
அடித்துவிட்டு வெகுநேரம் பேனாவைப் பிடித்திருந்தேன்.

அவள் காகிதத்தைக் கசக்கப் போனாள்.
கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்தேன்.
"நாளைக்கும் நாமதான், இதே ரூட்.
செங்கத்துல என்னைக் கேளு."

தொப்பியைக் கையில் எடுத்தபடி நின்றாள்.
"கேக்கணுமா சார்,
சொல்லணுமா?"